நானா திருத்திய ஒரு சொல்

நாம் நானா என்று அழைத்த செய்யது மரைக்காயர் இறந்த செய்தி வந்தபோது நான் ஒரு கடிதத்தைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன். எங்கள் பியூன் சுப்பையன் கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். கையில் எப்போதும் இருக்கும் கோப்புகள் அன்று இல்லை.

"அம்மா, நானா தவறிட்டாருங்க. விடியக்காலம் நெஞ்சு வலிக்குதுன்னாராம். வண்டி கொண்டாரதுக்குள்ள முடிஞ்சிபோச்சாம்."

எனக்கு உடனே அழுகை வரவில்லை. முதலில் வந்தது பயம்தான். இனி சந்தேகம் வந்தால் யாரிடம் கேட்பேன் என்ற பயம். அவரோடு வேலை பார்த்த உங்களுக்கு இது விசித்திரமாகத் தோன்றாது. காரைக்காலில் பிரெஞ்சுக் கொடி இறங்கி இந்தியக் கொடி ஏறிய நாளிலிருந்து பயந்துகொண்டே வேலை பார்த்தவர்கள் நாம். அந்தப் பயத்தில் நம்மோடு கூட இருந்தவர் அவர்.

நான் பிரெஞ்சில் படித்தவள். பிரெஞ்சில்தான் தட்டச்சும் கற்றேன். சென்னைப் பக்கத்திலிருந்து புதிய அதிகாரி வந்ததும் கோப்புகள் ஒவ்வொன்றாக ஆங்கிலத்துக்கு மாறத் தொடங்கின. ஒரு நாள் காலையில் என் பழைய இயந்திரத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டு, வேறொன்றை மேசையில் வைத்துவிட்டுப் போனார்கள். அதில் எழுத்துகளே இடம் மாறியிருந்தன. என் விரல் 'ஏ'யைத் தேடிப் போன இடத்தில் 'க்யூ' இருந்தது. ஆங்கிலம் தெரியாதவர்களை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று வராந்தாவில் பேசிக்கொண்டார்கள். வீட்டில் என் சம்பளத்தை நம்பி அம்மா இருந்தார். நான் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறக்காமலே திரும்ப எடுத்துப் போன நாட்கள் உண்டு.

நானாவுக்கு மட்டும் ஆங்கிலம் நன்றாகத் தெரியும். பினாங்கில் ஓர் ஆங்கில அச்சகத்தில் நெடுங்காலம் பிழைதிருத்துபவராக இருந்து, யுத்தம் முடிந்து கப்பலேறி வந்தவர். நம் ஊர் முஸ்லிம் வீடுகளில் அண்ணனை நானா என்பார்கள். அலுவலகமே அவரை அப்படித்தான் அழைத்தது. அவர் என்னைத் தங்கச்சி என்றார். என் கன்னங்கள் ஒட்டிக்கொண்டு வருவதைப் பார்த்தோ என்னவோ, ஒரு மதிய இடைவேளையில் அவராகவே வந்தார்.

"தங்கச்சி, சின்ன வார்த்தையைக் கண்டுதான் நீங்க பயப்படுறீங்க. பெரிய வார்த்தை எல்லாம் உங்ககிட்ட ஏற்கெனவே இருக்கு. 'பிக்' உங்களுக்குப் புதுசு. ஆனா 'எனார்மஸ்' பிரெஞ்சு வழியா வந்ததுதானே? அங்கேருந்து தொடங்குவோம்."

ஆவண அறையின் பச்சை இரும்பு அலமாரிக் கதவுதான் எங்கள் கரும்பலகை. எழுத்தர்கள் நாலைந்து பேர் கூடுவோம். இடப்பக்கம் சாதாரணச் சொல்லைச் சுண்ணக்கட்டியால் எழுதுவார், வலப்பக்கம் அதைவிட வலுவான சொல்லை. 'வெரி டயர்ட்' என்று எழுதினால் அடித்துவிட்டு 'எக்ஸாஸ்டட்' என்பார். 'வெரி கோல்ட்' போய் 'ஃப்ரீசிங்' வந்தபோது, காரைக்காலில் அதை எப்போது பயன்படுத்துவது என்று யாரோ கேட்க, அறையே சிரித்தது. பயத்துக்குத்தான் நிறையச் சொற்கள் இருந்தன. 'அஃப்ரைட்', அதற்கு மேல் 'டெரிஃபைட்', அதற்கும் மேல் 'பெட்ரிஃபைட்'. கல்லாய்ச் சமைந்துபோவது என்று கடைசிச் சொல்லுக்குப் பொருள் சொன்னார்.

"'வெரி'ங்கிறது சோம்பேறி வார்த்தை. அது வந்து முன்னாடி நின்னா, பின்னாடி இருக்கிற வார்த்தைக்குத் தெம்பு இல்லேன்னு அர்த்தம்" என்பது அவர் அடிக்கடி சொன்னது.

ஆனால் பிரெஞ்சும் ஆங்கிலமும் எல்லா இடத்திலும் ஒத்துப்போகாது என்பதைக் கணக்குப் பிரிவு அந்துவான் மூலமாகத் தெரிந்துகொண்டோம். புதிய அதிகாரி ஒரு விழாவில் உருக்கமாகப் பேசினார். அந்துவான் மனதாரப் பாராட்ட நினைத்து, அவரிடமே போய், உங்கள் பேச்சு 'பதெட்டிக்' என்று ஆங்கிலத்தில் சொன்னார். பிரெஞ்சில் அது நெஞ்சைத் தொடுவது. ஆங்கிலத்திலோ பரிதாபமானது, கேவலமானது. அதிகாரியின் முகம் கறுத்தது. அந்துவானின் வேலை அன்றே போய்விடும் என்று நாங்கள் மூச்சடக்கி நின்றோம். நானா இடையில் புகுந்து இரண்டு மொழிகளுக்கும் உள்ள வேறுபாட்டை விளக்கினார். "இவங்களுக்கு ஒழுங்கா சொல்லிக்கொடுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு அதிகாரி போனார். அந்துவான் வெகுநேரம் நாற்காலியை விட்டு எழவில்லை.

இனி நெடுங்காடு கிராமத்தில் நடந்ததைப் பற்றிச் சொல்ல வேண்டும். உங்களில் பலர் அதை அரைகுறையாகக் கேட்டிருப்பீர்கள்.

அந்த ஆண்டு காவிரித் தண்ணீர் வாய்க்காலில் தாமதமாக வந்தது. வந்த தண்ணீரும் கடைமடை வரை போகவில்லை. மேலே ஒரு மதகை அடைத்து வைத்திருந்தார்கள். நெடுங்காட்டு ஜனங்கள் நாற்றங்கால் காய்வதைப் பார்த்து மதகடியில் கூடினார்கள். 'கூட்டம் சேர்ந்திருக்கிறது, கோபமாக இருக்கிறார்கள், கையில் அரிவாள் இருக்கிறது' என்று காலையில் தகவல் வந்தது. புதுச்சேரிக்கு உடனே ஆங்கிலத்தில் அறிக்கை வேண்டும் என்றார் அதிகாரி. நானா நின்றபடியே சொல்லச் சொல்ல நான் அடித்தேன். 'வெரி ஆங்ரி' என்று வரவேண்டிய இடத்தில் ஒரு கணம் நிறுத்தி, 'ஃபியூரியஸ்' என்றார். அதன் பக்கத்தில் மிரட்டும் தோற்றமுள்ள என்ற பொருளில் 'மெனசிங்' சேர்த்தார். அதிகாரி படித்துவிட்டு, "நல்ல இங்கிலீஷ்" என்று தலையசைத்தார். நானாவின் முகத்தில் ஒரு பூரிப்பு.

மதியத்துக்குள் பதில் வந்துவிட்டது. துப்பாக்கிப் போலீஸ் லாரிகளில் புறப்பட்டுவிட்டது.

அந்தச் செய்தி வராந்தாவுக்கு வந்ததும் சுப்பையன் எங்கள் அறைக்குள் ஓடிவந்தார். அவருக்கு ஊர் நெடுங்காடு.

"நானா, துப்பாக்கியோட வர்றாங்களாமே? எதுக்குங்க? அங்க எம் பொஞ்சாதி தனம் நிக்கிறா. பொண்டுவதான் முன்னாடி நிக்கிறாங்க. அரிவா எப்பவும் கையில இருக்கிறதுதானே?"

நானாவின் முகத்தில் இரத்தம் வற்றியதை நான் பார்த்தேன். யுத்த காலத்தில் பினாங்கில் படை லாரிகள் ஆள்பிடிக்க வந்து நின்ற தெருக்களைப் பற்றி ஒரே ஒரு முறை என்னிடம் சொல்லியிருக்கிறார். அதற்குமேல் சொல்ல மாட்டார். கொடி மாறுவதற்கு முன் விடுதலை கேட்டவர்கள் மேல் இங்கே விழுந்த போலீஸ் அடிகளும் நம் யாருக்கும் மறக்கவில்லை.

"தங்கச்சி, நான் பார்க்காத கோவத்தை எழுதிட்டேன்" என்றார். பிறகு நேரே அதிகாரியின் அறைக்குள் போனார். கதவு திறந்தே இருந்தது.

"சார், காலையில போன அறிக்கையை மாத்தணுங்க."

"போன அறிக்கையை எப்படி மாத்துறது? பொய் எழுதினீரா?"

"பொய் இல்லைங்க. நேர்ல பார்க்காம எழுதினது."

"அப்படின்னா போய்ப் பாரும். பார்த்துட்டு எழுதும். ஆனா ஒண்ணு. பொறுப்பு முழுக்க உம்முது."

சுப்பையனை அழைத்துக்கொண்டு நானா கிடைத்த பஸ்ஸில் ஏறினார். நெடுங்காட்டு மேரியில், அதாவது ஊர் நிர்வாக அலுவலகத்தில், ஒரு தொலைபேசி இருந்தது. அங்கிருந்து கூப்பிடுவதாகச் சொன்னார். நான் தொலைபேசிக்குப் பக்கத்தில் இயந்திரத்தை நகர்த்தி வைத்துக்கொண்டு, தாளைச் செருகி உட்கார்ந்தேன். லாரிகள் எங்கள் தெரு வழியாகத்தான் போயின. சன்னல் கண்ணாடி அதிர்ந்தது. அந்துவான் சிலுவை போட்டுக்கொண்டார். நான் செபம் சொல்லத் தொடங்கி, நடுவில் வார்த்தைகளை மறந்தேன்.

மணி அடித்தது. நானாவுக்கு மூச்சு வாங்கியது.

"தங்கச்சி, அடிங்க. லாரி வந்துடுச்சு. மதகுக்கு எதிர்ல இறங்கி வரிசையா நிக்கிறாங்க. சுப்பையன் பொஞ்சாதிகிட்ட கேட்டேன், கோவமா இருக்கீங்களாம்மான்னு. 'கோவப்படத் தெம்பு ஏதுங்க, பயமா இருக்குங்க, நாத்து கருகுது'ன்னு சொல்லுது. எல்லார்கிட்டயும் கேட்டேன். எல்லாரும் அதையேதான் சொல்றாங்க."

பிறகு ஆங்கிலத்தில் சொல்லத் தொடங்கினார். மக்கள் கோபமாக இல்லை. அவர்கள் மதகைத் திறக்கும்படி கேட்கிறார்கள். அவர்கள் பயந்திருக்கிறார்கள். அந்த இடத்தில் அவர் சொன்னது 'அஃப்ரைட்'. பழக்க தோஷம், நான் கேட்டேன்: "'டெரிஃபைட்'னு போடட்டுமா, நானா?"

"வேணாம் தங்கச்சி. அந்தப் பொண்ணு சொன்ன அளவு போதும். அதுக்கு மேல ஏத்தாதீங்க, அதுக்குக் கீழ இறக்கவும் இறக்காதீங்க."

இணைப்பு அறுந்தது. நான் "ஹலோ, ஹலோ" என்று கத்தினேன்.

தாளை உருவிக்கொண்டு அதிகாரியிடம் ஓடினேன். அவர் மெதுவாகப் படித்தார். அவர் படித்து முடிப்பதற்குள் அங்கே சுட்டுவிடுவார்களோ என்று என் காது சன்னல் பக்கமே இருந்தது. அத்தனை தூரத்துச் சத்தம் கேட்காது என்பது தெரிந்தும்.

"காலையில வெறிபிடிச்ச கூட்டம். மத்தியானம் பயந்த கூட்டமா? இதுல எதும்மா நிஜம்?"

என் வாழ்க்கையில் ஓர் அதிகாரிக்கு நான் பதில் சொன்னது அதுவே முதல் முறை. "மத்தியானம் எழுதினது பார்த்து எழுதினதுங்க, சார்" என்றேன்.

 அவர் நெடுங்காட்டு மேரியைக் கூப்பிடத் தொலைபேசியை எடுத்தார். முதல் முறை கிடைக்கவில்லை. இரண்டாம் முறையும் கிடைக்கவில்லை. அதன் பிறகு கிடைத்தது. படையை நிறுத்தி வைக்கும்படியும், தான் நேரில் வருவதாகவும் சொல்லிவிட்டு ஜீப்பில் கிளம்பினார்.

சாயங்காலம் நானா திரும்பி வந்தபோது முழங்கால் வரை சேறு. கூடவே வந்த சுப்பையன், "ஒண்ணும் ஆகலைங்க, ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகலை" என்று வாசலிலிருந்தே கத்தினார். கலைந்து போகச் சொன்னபோது பெண்கள் அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டார்களாம். தொலைபேசி அறுந்ததும் நானா மதகுக்குத் திரும்பி அவர்களோடு நின்றாராம். துப்பாக்கியைத் தூக்கச் சொல்லும் குரல் கேட்டதாம். அந்த நேரத்தில்தான் மேரி அலுவலக எழுத்தர் வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு ஓடிவந்து அதிகாரியின் உத்தரவைச் சொன்னாராம்.

நாங்கள் நானாவைத் தைரியசாலி என்றோம். அவர் தலையை ஆட்டி மறுத்தார். "தைரியமெல்லாம் இல்ல. காலு நகரல. 'பெட்ரிஃபைட்'னு உங்களுக்கு எழுதிக் காட்டினேனே, அது என்னன்னு எனக்கே இன்னைக்குத்தான் தெரிஞ்சுது" என்றார். தண்ணீர் கொடுத்தேன். டம்ளர் பல்லில் இடித்தது.

மறுநாள் மதகைத் திறந்தார்கள். பாதி நாற்று பிழைத்தது, பாதி கருகியதுதான். நானாவுக்கு விளக்கம் கேட்டு மெமோ வந்தது. பார்க்காததை எழுதியது என் தவறு என்று ஒரே வரியில் பதில் கொடுத்தார். அவருக்கு வரவேண்டிய பதவி உயர்வு அதன்பின் வரவே இல்லை. அடுத்த மெமோ எந்த நாளும் வரலாம் என்று தபால் பை பிரிக்கும் நேரத்தில் அவர் எழுந்து வெளியே போய் நிற்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

அலமாரிக் கதவில் பாடம் சில வாரம் நின்றுபோய், மறுபடி நடந்தது. வலுவான சொற்களை அவர் கைவிட்டுவிடவில்லை. பட்டினச்சேரியில் வாந்திபேதி பரவியபோது நிலைமை 'பேட்' என்று யாரோ எழுதிய அறிக்கைத் தாளை எடுத்துக்கொண்டு, யாரும் போகத் துணியாத அந்தக் குப்பத்துக்குத் துண்டால் மூக்கைக் கட்டிக்கொண்டு போனார். திரும்பி வந்து, வெகுநேரம் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு, 'டெட்லி' என்று திருத்தினார். மறுநாள் விடிந்ததும் ஊசி மருந்தோடு டாக்டர்கள் வந்து இறங்கினார்கள். "வார்த்தை பலமா இருக்கிறது பெரிசில்ல, தங்கச்சி. அது யார் மேல போய் விழும்னு யோசிச்சுக்கணும்" என்று அன்று சொன்னார்.

அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். ஆண்கள் அடக்கத்துக்குப் போயிருந்தார்கள். அவர் மனைவி கதீஜா அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஆபீஸ்ல அவங்களை தைரியசாலின்னு சொல்லுவீங்களாமே? இங்க ஒரு லாரி போனாப் போதும், தூக்கத்துல எழுந்து உட்கார்ந்துக்குவாங்க. நெடுங்காட்டுப் பக்கம் ஏதும் சத்தம் கேட்டுச்சான்னு என்னைக் கேப்பாங்க. அல்லாவே, இனிமேயாவது நிம்மதியா தூங்கட்டும்."

எனக்குத் தெரியாத நானா அவர். அல்லது எனக்கு மிக நன்றாகத் தெரிந்த நானா.

அவர் கற்றுத்தந்த சொற்கள் உங்களில் பலரிடம் இருக்கின்றன. என்னிடம் இருப்பது அவருடைய பயம். முன்பு எனக்கிருந்தது என் வேலையைப் பற்றிய பயம். இது வேறு. தாளில் விழுந்த ஒரு சொல் எங்கோ ஒரு வரப்பில் உட்கார்ந்திருப்பவர்களைத் தேடிப் போகும் என்ற பயம். நேற்று கடற்கரைக் குடிசைகளைப் பற்றி ஓர் அறிக்கை தட்டச்சுக்கு வந்தது. அங்கிருப்பவர்களைப் பற்றி அதில் கடுமையான ஒரு சொல் இருந்தது. எழுதியவர் எதிரிலேயே நின்றார். அவசரம் என்றார்.

"நீங்க நேர்ல போய்ப் பார்த்தீங்களா?" என்று கேட்டேன். அவர் அவசரம் என்றே மறுபடியும் சொன்னார். நான் இயந்திரத்திலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.