அண்ணனுக்கு வாங்கிய சவரக்கத்தி

பக்கவாதம் வந்து படுத்த ஆறாவது வாரத்தில் அண்ணன் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். முகச்சவரம். ராணுவத்தில் இருபது வருஷம் விடிவதற்குள் முகம் மழித்த மனுஷர். கடை ரேசர் அந்த அடர்ந்த தாடியில் சிக்கி இழுத்தது. ராஜபாளையத்தில் எங்கள் தெருமுனை சலூன்காரரைக் கூப்பிடுகிறேன் என்றால் அதற்கும் சம்மதிக்கவில்லை.

“வீட்டுக்கு வந்து பண்றது பொணத்துக்குத்தாம்லே. மடக்குக்கத்தி வாங்கி நீயே பண்ணு. தாடியோட நான் சாக மாட்டேன்.” கோணிய வாயிலிருந்து குழறிக் குழறி வந்தது.

ஸ்ரீவில்லிபுத்தூரில் பழைய சாமான் கடை வைத்திருக்கும் பாய் ஒரு தகரடப்பாவைக் கவிழ்த்தார். துருவேறிய கத்தி ஒன்று விழுந்தது. விளிம்பில் ஒரு இடத்தில் பல் போயிருந்தது.

“இத வச்சி வெங்காயங்கூட வெட்ட ஏலாது, தம்பி” என்றார்.

முப்பது வருஷம் மில்லில் ஃபிட்டராக இருந்தவனுக்கு இது போதாதா? ரோஷம் வந்துவிட்டது. மண்ணெண்ணெயில் ஊறவைத்தேன். உப்புத்தாள் போட்டுத் துருவை எடுத்தேன். ஆயில் ஸ்டோனில் தேய்த்து, அண்ணனின் பழைய தோல் பெல்ட்டில் தீட்டினேன். புதன்கிழமையே சவரம் பண்ணுகிற பதம் வந்துவிட்டது. ஆனாலும் அந்தப் பல் போன இடம் மயிரிழை அளவு தெரிந்தது. அதுவும் போகட்டும் என்று இன்னொரு நாள் தேய்த்தேன். கிறுக்குப் பயல் நான்.

வியாழக்கிழமை, கத்தியை எடுத்துக்கொண்டு அறைக்குள் போனபோது விளக்கு வைத்தாகிவிட்டது. மதினி வாசலை மறித்தார்.

“விளக்கு வச்ச பொறவு சவரமா? நாளைக்கு வெள்ளி. சனிக்கிழமை காலையில பண்ணுங்க தம்பி.”

“ஏலே, இப்பமே பண்ணு” என்றார் அண்ணன்.

நான் மதினி பக்கம் சேர்ந்தேன். நாள், கிழமை எல்லாம் எனக்கும் பயம்தான். ரெண்டு நாள்தானே அண்ணே என்றேன். அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை மதியம், மதினி ரசஞ்சோறு ஊட்டிக்கொண்டிருந்தபோது, ரெண்டாவது வாய் உள்ளே போகவில்லை. அவ்வளவுதான்.

குளிப்பாட்டுவதற்கு முன் சவரம் பண்ண சலூன்காரர் பெட்டியோடு வந்து நின்றார். “நான் பண்றேன்” என்றேன். அவர் நகர்ந்து, தண்ணீர்க் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டார். வெள்ளிக்கிழமை என்று மதினிகூடச் சொல்லவில்லை. எனக்கு மதினி மேல் ஆத்திரமாக வந்தது. என் மேல் அதைவிட அதிகமாக வந்தது.

கத்தி அருமையாக ஓடியது. தொங்கிய கன்னத்தை இழுத்துப் பிடித்து மழித்தேன். தாடையில் கை வழுக்கிவிட்டது. ஒரு விரல் நீளத்துக்கு வெட்டு. பதறிப்போய்த் துண்டை வைத்து அழுத்தினேன்.

“ரத்தம் வராது, விடுங்க” என்றார் சலூன்காரர்.

நான் துண்டை எடுக்கவில்லை.