ஓபல் கிரிட்ஸரும் நாலு போடாத வாத்தியாரும்

பதினாறு வயதில் மின்வேலை வகுப்பில் சேரப் போனார் ஓபல் கிரிட்ஸர். பள்ளி அலுவலகத்தில் ஏற இறங்கப் பார்த்துவிட்டு, அவரைத் தட்டச்சுக்கு அனுப்பினார்கள். அப்பா நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி, இவரோ பெண். அதற்கு மேல் காரணம் யாருக்கும் தேவைப்படவில்லை. தட்டச்சை முடித்த கையோடு ஓபல் சுரங்கத்திலேயே எடுபிடியாக நுழைந்து மின்வேலை கற்றார். இருபது வருஷம் கழித்து, தன்னைச் சேர்க்க மறுத்த அதே வகுப்புக்கு ஆசிரியராகத் திரும்பினார்.

இப்போது அறுபதை நெருங்குகிறார். மேற்கு வர்ஜீனியா மலைப்பாதைகளில் வண்டியோட்டிக்கொண்டு பள்ளி பள்ளியாகப் போகிறார். தொழிற்கல்விக்கென்று மாநிலம் எழுதிவைத்த தரநிலைகளை ஆசிரியர்களோடு உட்கார்ந்து வாசிப்பதுதான் வேலை. “பிள்ளைக்கு என்ன செய்யத் தெரியணும்னு எழுத்துல இருந்தா, எவனும் மூஞ்சியப் பாத்து வெளிய தள்ள முடியாது” என்பார். ஆனால் அந்த எழுத்தை யாராவது படிக்க வேண்டுமே!

பிர்ச் ஃபோர்க் தொழிற்பள்ளியிலிருந்து தலைமையாசிரியர் மார்ஜீன் அழைத்தது ஒரு திங்கட்கிழமை. வெல்டிங் வகுப்பில் பதினோரு பேர். இரண்டு வருஷமாகப் படிக்கிறார்கள், ஒருவர்கூடத் தேறவில்லை. வெள்ளிக்கிழமை அனுப்பவேண்டிய கடைசி மதிப்பீடும் அப்படியே போனால் வகுப்பையே மூடிவிடுவார்கள்.

மறுநாள் காலை, பட்டறை வாசலில் இறைச்சி வைத்த பெப்பரோனி ரொட்டியைக் கடித்துக்கொண்டிருந்தார் வெல்டிங் ஆசிரியர் டெல்மர் புரூபேக்கர்.

“வாங்க மேடம். காயிதம் கொண்டாந்திருப்பீங்களே? குளிருக்கு எரிக்க ஆகும்.”

“எரிக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவ படிச்சிரலாம்ப்பா” என்றபடி ஓபல் டெல்மரின் மதிப்பீட்டுத் தாள்களைப் புரட்டினார். ஒவ்வொரு திறனுக்கும் ஒன்றிலிருந்து நாலு வரை போடலாம். முக்கியத் திறன்களில் நாலு இருந்தால்தான் தேர்ச்சி. டெல்மர் போட்டதெல்லாம் ஒன்றும் இரண்டும்தான்.

“ஏம்ப்பா, ஒருத்தருக்குக்கூட நாலு இல்லையா?”

“நாலுன்னா எல்லாந் தெரிஞ்சவன். முப்பத்தோரு வருஷம் பாலத்துலயும் சரக்குப் படகுலயும் வெல்டிங் வச்சவன் நான். எனக்கே மூணுதான் போட்டுக்குவேன்.”

“அப்ப நாலு யாருக்கு?”

“எங்க குரு கிளைட் ஆஸ்பரிக்கு.”

“அவர் எங்க இருக்கார்?”

“செத்துப்போயிட்டார்.”

ஓபல் சிரித்தார். சிரித்து முடித்ததும் கோபம் வந்தது. இலக்கியப் பாடத்தில் தேற ஒரு பிள்ளை மகாகவியாக வேண்டியதில்லை. இரும்பைத் தொடுகிற பிள்ளை மட்டும் செத்துப்போன மேதைக்கு நிகராக வேண்டுமாம்! இந்த அநியாயத்தைச் செய்தவர் கெட்டவரும் அல்ல. தொழில்மீது இருந்த பக்தியில் செய்திருக்கிறார். பக்தி என்றால் யாரும் கேள்வி கேட்பதில்லை, அதுதான் தொல்லை.

“இந்தத் தாளோட பின்பக்கம் எங்க?”

“பின்பக்கமா? நான் முன்பக்கத்த மட்டுந்தான் நகலெடுத்தேன்.”

ஓபல் தன் பிரதியைத் திருப்பிக் காட்டினார். நாலு என்பதற்கு நேரே ஒரே வரி: ‘மேற்பார்வை இல்லாமல், வேலைக்குப் புதிதாகச் சேர்பவரின் அளவுக்குச் செய்கிறார்.’

டெல்மர் மூன்று முறை படித்தார். மெல்லுவது நின்றுவிட்டது.

“புதுசா சேர்றவனா?”

“மொத நாள் வர்ற ஆள். நீ படகுத்துறையில சேர்ந்த அன்னிக்கு எப்படி இருந்த?”

“பூட்ஸக் கொளுத்திக்கிட்டேன்.”

“ஆனா வேலைய விட்டு அனுப்பலையே?”

டெல்மர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு முறைத்தார். “அதுக்காக எல்லாருக்கும் நாலு போட்டு வீட்டுக்கு அனுப்பச் சொல்றீங்களா?”

“நான் தானம் கேக்க வரல. நாளைக்கு எல்லாரும் வெல்டிங் வைக்கட்டும். நீ வளைச்சுப் பாரு. விரிசல் அங்குலத்துல எட்டுல ஒரு பங்குக்கு மேல போனா தோல்வி. அதுவும் இதுலயே எழுதியிருக்கு.”

புதன்கிழமை பட்டறை முழுக்கப் புகை. தலைக்கு மேல் இரும்பைப் பொருத்தி வெல்டிங் வைத்த மாணவி ஷெல்பி, அந்த இரும்புத் துண்டை நீரில் தோய்த்துக் கொண்டுவந்து நீட்டினாள். ஆற்றங்கரைப் படகுத்துறையில் அவளுக்கு ஒரு வேலை காத்திருந்தது. தேர்ச்சி இருந்தால்தான் கிடைக்கும். டெல்மர் அந்தத் துண்டை அறுத்து அழுத்தும் இயந்திரத்தில் வைத்து வளைத்தார். இரும்பு லாடம்போல் மடங்கியது. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, விளக்கடியில் பிடித்து, விரலால் தடவினார்.

“சொல்லித் தொலைங்களேன் மிஸ்டர் புரூபேக்கர்!” என்றாள் ஷெல்பி.

“அழகா இல்ல.”

“அழகு தாள்ல இல்ல” என்றார் ஓபல்.

“விரிசலும் இல்ல” என்று இழுத்தார் டெல்மர். பேனாவை எடுத்தார், வைத்தார், மறுபடி எடுத்தார். நாலு என்ற எண்ணை எழுதிப் பழக்கமில்லாத கை அதைக் கோணலாக எழுதியது. ஷெல்பி போட்ட கூச்சலில் அடுத்த அறை மரவேலை வகுப்பே ஓடிவந்தது.

அன்று மாலைக்குள் ஒன்பது பேர் தேறினார்கள். இரண்டு பேரின் துண்டில் விரிசல் விட்டது. அவர்களுக்கு டெல்மர் மூன்று போட்டு, “வியாழக்கிழமை காலைல ஏழு மணிக்கு வாங்கடா, இன்னொரு தடவ பாப்போம்” என்றார். வந்தார்கள். ஒருவன் தேறினான். இன்னொருவன் கோடை விடுமுறையிலும் பழக வருவதாகச் சொன்னான்.

வெள்ளிக்கிழமை பட்டியலை அனுப்பிவிட்டு மார்ஜீன் ஓபலைத் தொலைபேசியில் அழைத்து அழுதுகொண்டே சிரித்தார். வகுப்பு நிலைத்தது. பின்னாலிருந்து டெல்மரின் குரல் கேட்டது: “ஓபல்கிட்ட சொல்லுங்க, அடுத்த வாரம் மறுபடி வரணும். மரவேலை வாத்தியார் இருக்கானே, அவன் சரியான கஞ்சன். ஒருத்தருக்கும் ரெண்டுக்கு மேல போடறதில்ல. அநியாயமா இல்ல?”