தோள் சாக்கும் இடுப்புப் பையும்

எண்பதுகளில் மஞ்சக்குட்டைப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் அம்மா காப்பிப் பழம் பறித்தாள். சாக்கு ஒரே தோளில் தொங்கும். சாயங்காலம் தலைவாரக்கூடக் கை தூக்க வராது, நான்தான் வாரிவிடுவேன்.

சேலத்தில் புள்ளியியல் படித்துக்கொண்டிருந்தவள், லீவில் மேனேஜரிடம் போய் நின்றேன். "ஏனுங்க, பாரத்த இடுப்பு தாங்கற மாதிரி பை தைச்சுக் குடுத்தா என்னங்க?"

"பறிப்பு கூடுதுன்னு காட்டு. எல்லாருக்கும் தர்றேன்" என்றார்.

மாதிரிக்குச் சில பைகள் தைத்தோம். ஒவ்வொரு பெண்ணும் ஒரு நாள் சாக்கு, ஒரு நாள் பை. பாதிப் பேர் பையில் தொடங்கினார்கள். அன்றன்றைக்குப் பறித்த பழத்தை நிறுத்து, சாக்கு எடைகளை ஒரு கூட்டமாகவும் பை எடைகளை இன்னொரு கூட்டமாகவும் வைத்து, இரண்டு தனிக் குழுக்களுக்கான டி-சோதனையைப் போட்டேன். பையின் சராசரி கொஞ்சம் கூடுதல்தான். ஆனால் அது தற்செயலாகவும் இருக்கலாம் என்று சோதனை கைவிரித்துவிட்டது. அழுகையாக வந்தது.

அந்த நேரம் பார்த்து, சோறு போட்டபடி அம்மா ஆரம்பித்தாள். "மேல் ஊட்டுப் புள்ளையப் பாரு கண்ணு, டைப் கத்துட்டு வேலைக்கே போயிருச்சு. நீ இன்னும் காயிதத்தக் கட்டிட்டு அழுவுற."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "அவளோட எதுக்கு என்னையச் சேத்துப் பாக்கற? போன வருசத்து என்னையும் இந்த வருசத்து என்னையும் பாரும்மா!"

சொல்லிவிட்டு எச்சில் கையோடு எழுந்துவிட்டேன். அடச்சே, நானும் அதைத்தானே செய்து வைத்திருக்கிறேன்! வேகமாகப் பறிப்பவள் மெதுவாகப் பறிப்பவளைப் போல இரண்டு மடங்கு பறிப்பாள். அந்த ஏற்றத்தாழ்வில் பையின் சின்ன லாபம் மறைந்துபோயிருந்தது. இரண்டு நாளும் பறித்தது அதே பெண்கள். அப்படியானால் அவரவர் பை எடையிலிருந்து அவரவர் சாக்கு எடையைக் கழித்து, அந்த வித்தியாசங்களைத்தான் சோதிக்க வேண்டும். அதற்கு இணை டி-சோதனை என்றே ஒன்று இருக்கிறது. போட்டேன். அநேகமாக எல்லாருக்கும் பையில்தான் கூடுதல். இனித் தற்செயல் என்று தள்ள முடியாது.

மேனேஜர் சொன்ன சொல் மாறவில்லை. அடுத்த பறிப்புக்குப் பைகள் வந்தன.

பறிப்புக் காலத்தின் நடுவில் ஒரு சாயங்காலம் அம்மா வாசலில் நின்று தன் தலையைத் தானே வாரிக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டுக்காரியிடம் பெருமை வேறு: "மேல் ஊட்டுப் புள்ளை டைப் அடிக்கும். எம்புள்ளையாட்டக் கணக்குப் போடுமா?"

இந்த ஒப்பீட்டுக்கு மட்டும் நான் சண்டைக்குப் போகவில்லை.