சிரிக்கிற மூஞ்சில வெச்ச விரல்

மாடி வூட்டு மாமியார் மருமக சண்டை கெடக்கட்டும்மா, அது தீராது. ஆஸ்பத்திரியப் பத்திக் கேட்டியே, அதைச் சொல்றேன். எங்க வூட்டுக்காரருக்கு வயித்துல ஆபரேஷன் பண்ணி தாம்பரத்துல கெடந்தோமே, அப்ப தெனம் காலைல ஒரு சிஸ்டரம்மா பேப்பரோட வரும். தூங்குனீங்களா, சோறு எறங்குதா, வலி எவ்ளோன்னு ஒவ்வொண்ணா படிச்சுக் கேட்டு எழுதிக்கும். எனக்கு எழுத்து தெரியாது, ஆனா அந்தக் கேள்விங்க மேல அப்படி ஒரு ஆசை. எத்தனை டாக்டரைப் பாத்திருக்கேன், நாக்கை நீட்டும்பாங்க. தூங்குனியான்னு யாரு கேட்டா?

பேப்பர்ல வரிசையா மூஞ்சி போட்டிருக்கும். இந்தக் கோடில சிரிக்குது, அந்தக் கோடில அழுவுது. வலிக்கு ஏத்த மூஞ்சியத் தொடணும். இவரு தெனம் சிரிக்கறதையே தொடுவாரு. "அல்ஹம்துலில்லாஹ், நல்லா இருக்கேம்மா."

எங்காளுங்க அப்படித்தான். எப்படி இருக்கேன்னு கேட்டா, படைச்சவனுக்கு நன்றின்னுதான் வாய்ல வரும். குறை சொன்னா நன்றி கெட்டதனம். திருமுடிவாக்கத்துல லேத் மிஷின் ஓட்டுன காலத்துல விரல் நசுங்கி வந்தாரு, அன்னிக்கும் அதே வார்த்தைதான்.

ஆனா சிஸ்டரம்மா அந்தாண்ட போனதும் துண்டைப் பல்லுல கடிச்சுப்பாரு. எனக்குல்ல தெரியும்.

ஒருநாள் சிஸ்டரம்மா, "சூப்பர் பாய், வலியே இல்ல. நாளைக்கு வீட்டுக்குப் போயிடலாம்"னுச்சு. நான் குறுக்க பூந்தேன்.

"அவருக்கு வலி கீதும்மா."

"பாட்டி, இது பேஷண்ட் வாயால வரணும். நீங்க சொல்றத எழுதக்கூடாது."

இவரு முறைச்சாரு. "ஆபரேஷன் ஒனக்கா பண்ணாங்க? சும்மா இரு."

"எனக்குப் பண்ணியிருந்தா ஊரையே கூட்டியிருப்பேன்" அப்படின்னேன். சிஸ்டரம்மா சிரிச்சுது. அப்பத்தான் எனக்குத் தோணுச்சு. "வலியக் கேக்காதம்மா. தொழுகையக் கேளு. அதுல பொய் சொல்ல மாட்டாரு."

அது பேப்பரைப் பாத்துச்சு. "வழக்கமா செய்யறதைச் செய்ய முடியுதான்னு ஒரு கேள்வி இருக்கு. பாய், இன்னைக்கு எப்படித் தொழுதீங்க?"

அவரு ஜன்னல் பக்கம் திரும்பிக்கினாரு. அப்புறம் மெதுவா, "ஆபரேஷன் முடிஞ்சு மறுநாள் உக்காந்து தொழுதேன். நேத்துலேந்து உக்கார முடியலை. படுத்துக்கினு கண்ணை அசைச்சுத்தான் தொழறேன்"னாரு. கண்ணுல தண்ணி. அவங்கம்மா மவுத்தாகி அடக்கம் பண்ணப்பக் கூட அவரு அழுது நான் பாக்கலை.

சிஸ்டரம்மா எழுதலை. அவரு கையப் புடிச்சுக்கிச்சு. "எங்க வலிக்குது பாய்?" தையலுக்குக் கீழ காமிச்சாரு. மத்தியானமே டாக்டர் வந்து பிரிச்சுப் பாத்தா, உள்ள சீழ் கோத்துக்கினு கீது. இப்படியே வூட்டுக்குப் போயிருந்தா பொழைக்கறது கஷ்டம்னாரு.

வூட்டுக்கு வந்தும் நாற்காலியிலதான் தொழறாரு. தரையில நெத்திய வெக்க முடியலையேன்னு அவருக்கு மனசு ஆறலை. எப்படி இருக்கீங்கன்னா இப்பவும் அல்ஹம்துலில்லாஹ்தான். ஆனா அதுக்கப்புறம் எங்க நோவுதுன்னும் சொல்றாரு.

தோ, கூப்பிடறாரு பாரு. தையல் போட்ட எடம் இழுக்குதாம். இரும்மா, ஒத்தடத்துக்கு வெந்நி வெச்சுட்டு வந்துடறேன்.