சந்திரகாந்தக் கல்லில் விழுந்த கீறல்

இன்று கணவரோடு கள்ளக்குறிச்சி நகைக்கடைக்குப் போய், என் கல்யாண மோதிரத்தில் ஆடிக்கொண்டிருந்த சந்திரகாந்தக் கல்லை இறுக்கித் தரச் சொன்னேன்.

"கல்லுல கீறல் வுழுந்து கீதுங்கம்மா. வேற போட்டுடலாங்களா?" என்றார் கடைக்காரர்.

வேண்டாம் என்றேன்.

பல வருஷங்களுக்கு முன், இடஒதுக்கீட்டுப் போராட்டத்தில் சாலையெங்கும் மரங்களை வெட்டிப் போட்டிருந்த சமயம். பஸ் கிடையாது. நைனார்பாளையத்தில் எனக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வரமாட்டார் என்று அம்மா அழுதே விட்டாள்.

முகூர்த்தம் முடிவதற்குச் சற்று முன், முழங்கால் சிராய்ப்போடு நடந்தே வந்து சேர்ந்தார்.

மோதிரத்தை என் விரலில் போட்டபோது மெல்லச் சொன்னார்: "மரத்த தாண்டச் சொல்ல வுழுந்துட்டேன். கல்லு கீறிடுச்சி, கோச்சிக்காத."

அன்று பதினைந்து மைல் நடந்ததாகச் சொன்னவர், இன்று கடைக்காரரிடம் முப்பது என்கிறார்.

உங்கள் வீட்டு மாப்பிள்ளைகள் எவ்வளவு தூரம் நடந்தார்களாம்?