துடைத்த ஊசி

எங்கள் தேயிலைத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் காய்ச்சலுக்கு போத்தல் மருந்துதான் கொடுப்பார்கள். அதனால் ஊசி போட்டுக்கொண்டு வருகிறவளுக்கு நாங்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்தில் தனி மவுசு. என் நாத்தனாருக்கு ஒருநாள் ஊசி கிடைத்துவிட்டது. போட்ட கையைத் தேய்த்துக்கொண்டே லயம் முழுக்க நடந்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மறுநாளே இல்லாத காய்ச்சலைச் சொல்லிக்கொண்டு போய், "எனக்கும் ஊசியே போடுங்கய்யா" என்று டொக்டரய்யாவிடம் கெஞ்சினேன். எனக்கு முன்னால் நின்றவளுக்குக் குத்திய ஊசியை அவர் பஞ்சால் துடைத்தார். சுடுதண்ணீரில் போடவில்லை. பார்த்துக்கொண்டேதான் கையை நீட்டினேன்.

நாலைந்து நாளில் எனக்கும் நாத்தனாருக்கும் ஊசி போட்ட கையில் சீழ் கட்டியது. நான் கம்பளிக்குள் மறைத்துக்கொண்டேன். அவளோ காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக் களத்தில், எல்லோர் முன்னாலும் தோட்டத்தை நடத்தும் துரையிடம் கையை நீட்டினாள். "சுத்தமில்லாத ஊசியில குத்திட்டாங்க தொரை. இதுக்கு யாருங்க பதில் சொல்றது?"

துரை குனிந்து அந்தக் கையைப் பார்த்தார். அத்தனை பெண்களும் அவளையே பார்த்தார்கள். எனக்கு வயிறு எரிந்தது.

டொக்டரய்யாவை அழைத்தார்கள். "இவ சொறிஞ்சி புண்ணாக்கிக்கிட்டா. வேற யாருக்காச்சும் இப்படி வந்திருக்கா?" என்று கேட்டார் அவர். துரை எங்கள் பக்கம் திரும்பினார்.

அவள் தோற்கட்டும் என்று நான் வாயைத் திறக்கவில்லை. தோற்றாள்.

அடுத்த மாதம் என் மகளுக்குக் காய்ச்சல் வந்தது. டொக்டரய்யா பஞ்சை எடுத்து ஊசியைத் துடைத்தார்.