மருதமுனையில் காலால் மிதிக்கும் கித்தார்

நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவள். எழுத்தும் கோணல், மறதியும் கூட. பொறுத்துக்கொள்ளுங்கள்.

பழைய கித்தார் ஒன்று விலைக்கு இருக்கிறதென்று கேட்டு, திருக்கோவிலிலிருந்து மகனோடு மருதமுனைக்கு வந்திருக்கிறேன். மில்லில் இடக்கை விரல் இரண்டு போனதிலிருந்து அவன் கித்தாரைத் தொடவில்லை. இந்தக் கித்தாரில் கம்பியை அழுத்த வேண்டாமாம். மிச்ச விரல்களால் ஓர் இரும்புத் துண்டைப் பிடித்து நகர்த்தினால் போதுமாம். கல்லோயா அணை வேலைக்கு வந்த வெள்ளைக்காரர் ஊருக்குப் போகையில் நெசவுக்கார முஸ்லிம் அண்ணரிடம், எல்லாரும் காக்கா என்கிறவரிடம், விட்டுப்போனது.

தறிகளுக்கு நடுவே நாலு காலில் நிற்கிறது. கீழே மிதிகட்டையும் இருக்கிறது.

“மிதிச்சுப் பாத்திட்டு எடுங்க தம்பி. இதும் தறி மாதிரித்தான், உடுக்கிற சாரம் மட்டும் வராது,” என்று காக்கா சிரிக்கிறார்.

மகன் வலக்கையால் கம்பியை மீட்டி, இரும்பை நகர்த்தி மிதிக்கிறான். கரண்டில்தான் சத்தமாகப் பாடுமாம்; கரண்ட் இல்லாததால் பக்கத்தில் நிற்கும் எனக்கே மெல்லத்தான் கேட்கிறது. தூரத்தில் ஒரு பெண்பிள்ளை கூப்பிடுவது போல நீள்கிறது.

உள்ளறையிலிருந்து ஒரு கிழக்குரல், “இந்தா வாறன் மகள்,” என்கிறது.

காக்காவின் சிரிப்பு நின்றுபோகிறது. “எங்கட உம்மா. தங்கச்சி மௌத்தாகி அடக்கினதில இருந்து அவக்குக் காது கேக்கிறல்லயே!”

மகன் கையை எடுக்கிறான். உம்மா வாசல் சீலையை விலக்கி, எங்களைப் பாராமல், கித்தாருக்குப் பக்கத்தில் வெறும் இடத்தைப் பார்த்துக் கேட்கிறா: “ஏன் மகள் நிப்பாட்டின?”

காக்கா மெதுவாகச் சொல்கிறார்: “இத விக்கேலா தம்பி. கிழமைக்கொருக்கா வந்து வாசிச்சிட்டுப் போங்க.”

மகன் ஓம் என்றுவிட்டான். அனுப்ப எனக்குத்தான் பயம். அந்தப் பக்கம் போகிறவர் யாராவது, அந்த உம்மாவுக்கு மெய்யாகவே காது கேட்காதா என்று விசாரித்துச் சொல்லுங்கள்.